மௌனப் படத்தை மீட்டுத் திரையேற்றுவது எப்படி: ஹிட்ச்காக்கின் ஒன்பது படங்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய மௌனப் படங்கள் பத்து. அவற்றில் ஒன்பது கிடைத்திருக்கின்றன. அந்த ஒன்பதையும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் மீட்டெடுத்து 2012-இல் திரையிட்டது. இந்த வழிகாட்டிக்கான உதாரணங்களை அங்கிருந்தே எடுக்கிறேன். நெகட்டிவ் மிஞ்சிய படம், மிஞ்சாத படம், பல நாடுகளில் சிதறிய படம், வெட்டிச் சுருக்கிய படம், இரண்டு வடிவங்களில் வெளியான படம் என்று இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஒன்பதுக்குள்ளேயே இருக்கின்றன.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஸ்கேன் வந்ததும் கீறலைத் துடைக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து வேறொரு காப்பகத்தில் நல்ல பிரதி ஒன்று கிடைக்கும். துடைத்தது அத்தனையும் வீணாகும். இந்தப் படம் முதலில் எப்படி இருந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை ஒரு ஃபிரேமைக்கூடத் திருத்தாதீர்கள். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகத்தான்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சுருளைப் பார்க்க: ரீவைண்ட் மேசை, அடியிலிருந்து ஒளிவரும் கண்ணாடிப் பலகை, உருப்பெருக்கி, மில்லிமீட்டர் அளவுகோல், பஞ்சு உதிராத கையுறை. குறிப்பெடுக்க: ஷாட் எண்ணோடு கூடிய ஒரு விரிதாள். இந்த விரிதாள்தான் கடைசி நாள் வரை உங்களோடு வரப்போகிறது.

சேமிப்பிடத்தை முதலிலேயே கணக்குப் போடுங்கள். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். 6,000 அடிப் படம் என்றால் 96,000 ஃபிரேம். 4கே அளவில், 10 பிட் டிபிஎக்ஸ் (ஃபிரேமுக்கு ஒரு படக் கோப்பு என்ற வடிவம்) கோப்பாக, ஒரு ஃபிரேம் சுமார் 51 மெகாபைட் வரும். ஆக ஒரே ஒரு பிரதியின் ஸ்கேனுக்கே கிட்டத்தட்ட 4.9 டெராபைட். அப்புறம் மீட்ட வடிவம், இரண்டுக்கும் காப்புப் பிரதி என்று சேர்த்தால் 20 டெராபைட் இல்லாமல் இறங்க வேண்டாம். இடம் போதாமல் பாதி வேலையில் மூல ஸ்கேனை அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுருள் இரண்டாம் தடவை ஸ்கேனரில் ஏறும் நிலையில் இல்லை.

## 2. எந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

ஒரு காப்பகத்தில் உள்ளதே முழுப் படம் என்று நம்பாதீர்கள். மௌனப் படம் நாடு நாடாகப் போனது. வசனத்தையும் விளக்கத்தையும் காட்ட நடுநடுவே வரும் எழுத்து அட்டையை மட்டும் மாற்றினால் எந்த மொழிக்காரரும் பார்க்கலாம். அதனால் ஒரு நாட்டில் அழிந்த காட்சி இன்னொரு நாட்டின் பிரதியில் இருக்கும்.

ஹிட்ச்காக்கின் முதல் படமான ‘தி பிளஷர் கார்டன்’ (1925) இதற்கு நல்ல சான்று. உலகின் பல இடங்களிலிருந்து வந்த ஐந்து பிரதிகளை ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய 20 நிமிடக் காட்சிகள் திரும்பிவந்தன.

சுருளோடு காகிதத்தையும் தேடுங்கள். திரைக்கதை, தணிக்கைப் பதிவில் உள்ள அடிக்கணக்கு, இசைக் குறிப்புத் தாள், வெளியீட்டுக்கால விமர்சனம், நிழற்படங்கள். அடிக்கணக்குதான் முதல் அளவுகோல். வெளியானபோது 7,000 அடி இருந்தது, கையில் இருப்பது 5,200 அடி என்றால், எவ்வளவு குறைகிறது என்பது துடைப்பு வேலைக்கு முன்பே தெரிந்துவிடும்.

தேடியும் கிடைக்கவில்லை என்றால் இல்லைதான். 1926-இன் ‘தி மவுன்டன் ஈகிள்’ படத்துக்கு நிழற்படங்கள் மிஞ்சியிருக்கின்றன, சுருள் இல்லை. நிழற்படங்களை வரிசையாக ஓடவிட்டுப் படத்தை மீட்டுவிட்டதாகச் சொல்லக் கூடாது.

## 3. உரிமையை எழுத்தில் வாங்குங்கள்

படத்தின் உரிமை, மீட்ட பிரதியைப் பயன்படுத்த காப்பகம் தரும் அனுமதி, புதிய இசையின் உரிமை: இந்த மூன்றும் தனித்தனி. அமெரிக்காவில் 1927-இல் வெளியான படங்கள் 2023-இலும், 1929-இல் வெளியானவை 2025-இலும் பொதுவுடைமைக்கு வந்தன. மற்ற நாடுகளில் கணக்கு வேறு. எந்த நாட்டில் திரையிடுகிறீர்களோ அந்த நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். படம் பொதுவுடைமை ஆகிவிட்டாலும், காப்பகத்தின் பிரதியை அவர்களுடைய நிபந்தனைப்படிதான் ஓட்ட முடியும்.

## 4. சுருளை மேசையில் வைத்துப் பாருங்கள்

முதல் கேள்வி: இது எளிதில் தீப்பற்றும் பழைய வகைச் சுருளான நைட்ரேட்டா? ஓரத்தில் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள். நைட்ரேட் என்றால் அதற்கான வசதியும் அனுமதியும் உள்ள காப்பகத்திலோ லேபிலோ மட்டும்தான் திறக்க வேண்டும். எரியும்போது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடும் பொருள் அது. தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். சிதைவு முற்றிய சுருள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். வீட்டு மேசையிலோ அலுவலக அறையிலோ டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள்.

நைட்ரேட் சிதைவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் படம் மங்கிப் பழுப்பேறும். அடுத்து எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் மேற்பூச்சு) பிசுபிசுக்கும். பிறகு கொப்புளம் கட்டிக் கடுமையான நாற்றம் வரும். அதன்பின் சுற்றுகள் ஒட்டிக் கட்டியாகும். கடைசியில் பழுப்புத் தூள். முதல் இரண்டு நிலையில் இருப்பதை உடனே பிரதியெடுக்கலாம். அந்த ரீலை வரிசையில் முன்னால் தள்ளுங்கள். நல்ல ரீல் அடுத்த மாதமும் நன்றாகத்தான் இருக்கும், பிசுபிசுக்கும் ரீல் காத்திருக்காது.

அசிடேட் (எளிதில் தீப்பற்றாத வகை) சுருள் என்றால் வினிகர் வாடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதை மற்றச் சுருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். அந்த ஆவி பக்கத்துச் சுருளின் சிதைவையும் விரைவுபடுத்தும்.

அடுத்தது சுருக்கம். எளிய வழி: 100 ஃபிரேமை அளவுகோலில் வைத்து அளப்பது. சுருங்காத 35 மி.மீ. பாசிட்டிவில் அது 1,900 மி.மீ. இருக்கும். 1,881 மி.மீ. வந்தால் 1 சதவீதம் சுருங்கியிருக்கிறது. அந்த அளவைத் தொட்டாலே பல்சக்கரம் உள்ள சாதாரண இயந்திரத்தில் ஏற்றாதீர்கள், துளைகள் கிழியும். ஒவ்வொரு ரீலிலும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ஒரே ரீல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை.

ஓரக் குறியீட்டைப் படிக்கும்போது ஒரு கவனம். கோடாக் சுருளில் உள்ள வட்டம், சதுரம், முக்கோணம் தயாரிப்பு ஆண்டைச் சொல்லும், ஆனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். 1926 என்று நினைத்தது 1946 ஆக இருக்கலாம். நைட்ரேட் 1950-களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்ததால், நைட்ரேட் என்பதை மட்டும் வைத்து அது வெளியீட்டுக்காலப் பிரதி என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். மௌனப் படத்தில் ஃபிரேம் முழு அகலத்துக்கும் படம் இருக்கும். பிற்காலத்தில் ஒலித்தடம் உள்ள சுருளில் பிரதியெடுத்தபோது இடப்பக்கம் ஒரு பட்டை வெட்டுப்பட்டுப் போனது. இதைக் கண்டுபிடிக்க எழுத்து அட்டை போதும். எழுத்து நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒதுங்கி நின்றால், அது வெட்டுப்பட்ட பிரதி.

## 5. பிரதிகளை ஷாட் ஷாட்டாக ஒப்பிடுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படிதான். எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். அவசரப்படாமல், இரண்டு திரையில் இரண்டு பிரதியையும் அருகருகே ஓடவிட்டு, ஒவ்வொரு ஷாட்டுக்கும் விரிதாளில் எழுதுங்கள்: எந்தப் பிரதியில் எத்தனை ஃபிரேம், எத்தனையாவது தலைமுறைப் பிரதி (அதாவது மூலத்திலிருந்து எத்தனை முறை பிரதியெடுத்து வந்தது), சேதம் எங்கே, ஒட்டு எங்கே, சுருளுக்கு ஏற்றிய சாயம் என்ன.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பிரதிக்கு இன்னொரு நெகட்டிவ் தேவைப்பட்டது. அதற்காக இரண்டு கேமராவைப் பக்கம் பக்கமாக வைத்து எடுப்பார்கள். அல்லது முதல் டேக்கை உள்நாட்டுக்கு வைத்துக்கொண்டு இரண்டாம் டேக்கை அனுப்புவார்கள். எது நடந்தது என்று எப்படித் தெரியும்? நடிப்பு அப்படியே இருந்து, பின்னணியில் உள்ள கதவோ விளக்கோ கொஞ்சம் நகர்ந்து தெரிந்தால் இரண்டு கேமரா. கை தூக்கும் நேரமே மாறியிருந்தால் வேறு டேக். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால், கண்ணை நம்பாமல் ஃபிரேமை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

‘ஷாம்பெய்ன்’ (1928) படத்தில் இதுதான் சிக்கல். மிஞ்சியிருக்கும் நெகட்டிவ் இரண்டாம் தேர்வு டேக்குகளால் தொகுத்தது. பார்க்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் இயக்குநர் முதலில் தேர்ந்தெடுத்த டேக்குகள் அதில் இல்லை. இப்படிப்பட்ட பிரதியைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தத்தான் வேண்டும். அது என்ன என்பதை மட்டும் மறைக்கக் கூடாது.

ஒரு ஷாட்டுக்கு எந்தப் பிரதியை எடுப்பது? என் வரிசை இது: முதலில் சரியான டேக், அப்புறம் முழு நீளம், அப்புறம் தலைமுறை, கடைசியில்தான் சுத்தம். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நான்காம் தலைமுறைப் பிரதியில் கீறல் குறைவாக இருக்கும், கருப்பு அழுத்தமாக இருக்கும், முதல் பார்வைக்கு அழகாகத் தெரியும். ஆனால் முகத்தில் உள்ள நடுச்சாயல் (கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல்) எல்லாம் போயிருக்கும். கீறலை எடுத்துவிடலாம், போன சாயலை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

வெவ்வேறு வடிவங்களைக் கலக்காதீர்கள். ‘பிளாக்மெயில்’ (1929) பேசும் படமாகவும் மௌனப் படமாகவும் வெளிவந்தது. இரண்டும் தனித்தனி வடிவம். மௌன வடிவத்தில் ஒரு காட்சி மோசமாக இருக்கிறதே என்று பேசும் வடிவத்திலிருந்து எடுத்து ஒட்டினால், எந்தக் காலத்திலும் யாருமே பார்த்திராத மூன்றாவது படம் ஒன்று உருவாகிவிடும்.

இட்டு நிரப்ப எதுவும் இல்லாத நிலையும் வரும். ‘ஈஸி வர்ச்சூ’ (1927) சுருக்கப்பட்ட 16 மி.மீ. பிரதிகளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அங்கே செய்யக்கூடியது இருப்பதில் சிறந்ததைச் சேர்ப்பது, இல்லாததை இல்லை என்று தொடக்க அட்டையில் சொல்வது. அவ்வளவுதான்.

## 6. ஸ்கேன்

ஸ்கேனுக்கு முன் ஒட்டுகளையும் கிழிந்த துளைகளையும் கையால் சரிசெய்து, சுருளைச் சுத்தம் செய்யுங்கள். சுருங்கிய சுருளுக்குப் பல்சக்கரம் இல்லாத ஸ்கேனர்தான் வேண்டும்.

அடித்தளப் பக்கம் கீறல் அதிகம் என்றால் வெட் கேட் முறையைக் கேளுங்கள். சுருளின் அடித்தளம் ஒளியை எந்த அளவு வளைக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு வளைக்கும் திரவம் கீறலுக்குள் நிரம்புவதால் கீறல் கண்ணுக்குத் தெரியாது. எமல்ஷன் பக்கக் கீறலுக்கு இது உதவாது, ஏனென்றால் அங்கே படமே சுரண்டப்பட்டிருக்கிறது.

துளைகள் வரை முழு அகலமும் ஸ்கேனில் வர வேண்டும். இடப்பக்கப் படம் வெட்டுப்படாமல் பிழைக்கும், ஆட்டத்தை நிறுத்தும்போது துளை ஒரு நிலையான புள்ளியாகவும் உதவும். சாயம் ஏறிய பிரதியை வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். கருப்பு வெள்ளையாக எடுத்துவிட்டால் சாயத்துக்கான சாட்சி போய்விடும்.

முழுப் படத்தையும் ஓட்டும் முன், மிக இருண்ட ஷாட்டையும் மிக வெளிச்சமான ஷாட்டையும் மட்டும் ஸ்கேன் செய்து பாருங்கள். இரண்டிலும் விவரம் அறுபடாமல் இருந்தால் அதே அமைப்பில் தொடரலாம். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று பின்னால் சரிபார்க்க உதவும் எண்) எடுத்து வையுங்கள்.

## 7. படத்தைத் தொகுத்துப் பூட்டுங்கள்

விரிதாளில் எடுத்த முடிவின்படி, குறைந்த தெளிவுக் கோப்புகளை வைத்து முழுப் படத்தையும் தொகுங்கள். பிறகு ஒரே மூச்சில் உட்கார்ந்து பாருங்கள். ஷாட்டாகப் பார்த்தபோது தெரியாத பிழை இங்கே தெரியும். ஒருவர் கதவைத் திறக்கும் முன்பே உள்ளே வந்திருப்பார், ஒரு கடிதத்தைப் படிக்கும் முன்பே அழுதிருப்பார்.

படம் தெரியாத ஒருவரையும் கூட உட்கார வையுங்கள். அவருக்கு எங்கே கதை அறுகிறது என்று கேளுங்கள். திருத்தி முடித்ததும் தொகுப்பைப் பூட்டுங்கள். இதற்குப் பிறகுதான் துடைப்பு.

## 8. ஆட்டம், மினுக்கல், தூசு, கீறல்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். தூசு நீக்கும் மென்பொருள் முன் ஃபிரேமையும் பின் ஃபிரேமையும் ஒப்பிட்டு, நடுவில் மட்டும் இருப்பதைத் தூசு என்று எடுக்கிறது. ஃபிரேம் ஆடினாலோ வெளிச்சம் மினுக்கினாலோ எல்லாமே வித்தியாசமாகத் தெரியும். மென்பொருள் குழம்பும். ஆகவே முதலில் ஆட்டம், அடுத்து மினுக்கல், அப்புறம் தானியங்கித் தூசு நீக்கம், அதன்பின் கையால், கடைசியில் நீளக் கீறல்.

தானியங்கிக் கருவிக்கு மழைத்துளிக்கும் தூசுக்கும் வித்தியாசம் தெரியாது. ‘தி ரிங்’ (1927) கேளிக்கைச் சந்தையில் தொடங்குகிறது. ஊஞ்சல் ஆடுகிறது, பந்துகள் பறக்கின்றன. குத்துச்சண்டைக் காட்சியில் கை ஒரே ஃபிரேமில் பாதித் திரையைக் கடக்கிறது. இப்படிப்பட்ட ஷாட்டில் கருவியை அவிழ்த்துவிட்டால் பந்து பாதி வழியில் மறையும், விரல் நுனி கரையும். வேக அசைவு உள்ள ஷாட்டுகளை முன்கூட்டியே குறித்துவைத்து, அவற்றைக் கையால் மட்டும் செய்யுங்கள். மற்றவற்றுக்கும், மாற்றுவதற்கு முன் பின் இரண்டையும் கழித்து வரும் வித்தியாசப் படத்தை ஓட்டிப் பாருங்கள். அதில் புள்ளிகள் மட்டும் தெரிந்தால் நல்லது. முகத்தின் வடிவமோ கையின் வடிவமோ தெரிந்தால் கருவி படத்தைத் தின்றிருக்கிறது.

மினுக்கலிலும் இதே கவனம். ‘தி லாட்ஜர்’ படத்தின் தொடக்கத்தில் ஒரு விளம்பர எழுத்து அணைந்து அணைந்து எரியும். அது கதைக்கு உரியது. மினுக்கல் நீக்கியை மொத்தப் படத்துக்கும் போட்டால் அதுவும் மங்கிச் சமமாகிவிடும்.

எதைத் திருத்தக் கூடாது என்பதற்கு என் அளவுகோல் எளிது. வெளியீட்டு நாளில் முதல் பிரதியில் இருந்திருக்கும் எதையும் தொடுவதில்லை. ‘பிளாக்மெயில்’ படத்தின் அருங்காட்சியகக் காட்சிகளில் கண்ணாடியின் பிரதிபலிப்பை வைத்து இடத்தை உருவாக்கும் ஷுஃப்டான் முறையைப் பயன்படுத்தினார்கள். அந்த மாதிரி ஷாட்டில் இணைப்புக் கோடு தெரிந்தால் அது அன்றைய வேலையின் தடம், இருக்கட்டும். திரையரங்கில் பல நூறு முறை ஓடியதால் வந்த கீறல் அப்படியல்ல, அது போகலாம்.

சுருளில் படத்தை உருவாக்கும் நுண்மணிகளை (கிரெய்ன்) வழித்தெடுக்காதீர்கள். மணிதான் படம். அதை வழித்தால் முகம் மெழுகாகிவிடும். ஃபிரேம்களுக்கு நடுவே புது ஃபிரேம் உண்டாக்குவது, கருப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசுவது, மங்கிய முகத்துக்குச் செயற்கை நுண்ணறிவை வைத்துப் புது விவரம் வரைவது: மூன்றும் மீட்பு வேலையில் சேராது.

## 9. எழுத்து அட்டைகள்

வெளிநாட்டு அச்சுக்கான நெகட்டிவில் அட்டைகள் சில ஃபிரேம் மட்டுமே இருக்கும். எந்த இடத்தில் அட்டை வர வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. அந்தச் சில ஃபிரேமையே நிறுத்தி நீட்டினால் உண்மையான அட்டை கிடைத்துவிடும். இதைத் தூசுத் துண்டு என்று நினைத்து வெட்டி எறிந்தவர்கள் உண்டு.

ஹிட்ச்காக் சினிமாவுக்குள் நுழைந்ததே அட்டை வடிவமைப்பாளராகத்தான். ‘தி லாட்ஜர்’ படத்தின் அட்டைகளை ஓவியர் ஈ. மெக்நைட் காஃபர் வடிவமைத்தார். எனவே காணாமற்போன அட்டையைக் கணினியில் உள்ள ஏதோ ஓர் எழுத்துருவில் அடித்து வைக்காதீர்கள். அதே படத்தின் மிஞ்சிய அட்டைகளிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கோத்து உருவாக்குங்கள். வாசகத்தைத் திரைக்கதையிலிருந்தோ தணிக்கைப் பதிவிலிருந்தோ எடுங்கள். புதிதாகச் செய்த அட்டையின் மூலையில் சிறிய அடையாளம் ஒன்று போடுவது வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

## 10. சாயம்

டின்ட் என்பது சுருளைச் சாயத்தில் முக்குவது, வெளிச்சமான பகுதி நிறமாகும். டோன் என்பது படத்தில் உள்ள வெள்ளியையே நிறமுள்ள பொருளாக மாற்றுவது, இருண்ட பகுதி நிறமாகும். இரண்டையும் குழப்பினால் படம் முழுக்க ஒரே நிறப் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும்.

நெகட்டிவில் சாயம் இருக்காது. ஷாட்டின் ஓரத்திலோ முன்துண்டிலோ எழுதிவைத்த குறிப்பு சில சமயம் இருக்கும். அது கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் சாயம் ஏறிய பழைய பிரதியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பழைய பிரதியில் உள்ள நிறம் வெளுத்திருக்கும் என்பதை மனதில் வையுங்கள். துளை ஓரத்தில், விளக்கொளி படாத இடத்தில், சாயம் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அங்கே பாருங்கள்.

சாயத்துக்கு அர்த்தம் உண்டு. பகலில் எடுத்த தெருவுக்கு நீலம் போட்டால் அது இரவு. நீலத்தை எடுத்துவிட்டால் நட்டநடுப் பகலில் ஒருவர் விளக்கோடு தேடிக்கொண்டிருப்பார். ‘டவுன்ஹில்’ (1927) படத்தில் நாயகன் மயங்கிப் பிதற்றும் காட்சிக்கு வெளிறிய பச்சை. அந்தப் பச்சை இல்லாமல் அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்பது பாதிதான் புரியும்.

## 11. வேகம்

மௌனப் படத்துக்கு ஒரே வேகம் கிடையாது. வினாடிக்கு 16 முதல் 24 ஃபிரேம் வரை எதுவாகவும் இருக்கலாம். 6,000 அடிப் படம் 24-இல் ஓடினால் 66 நிமிடம் 40 வினாடி, 20-இல் 80 நிமிடம், 18-இல் 88 நிமிடம் 53 வினாடி. கால் மணிக்கும் மேலான இந்த வித்தியாசத்தில் படத்தின் உணர்ச்சியே மாறிவிடும்.

முதலில் காகிதத்தைப் பாருங்கள், இசைக் குறிப்புத் தாளில் வேகமோ மொத்த நேரமோ இருக்கலாம். அப்புறம் நடையைப் பாருங்கள், விழும் பொருளைப் பாருங்கள், புகையைப் பாருங்கள். ஓட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், ஓட்டம் எந்த வேகத்திலும் ஓட்டமாகத்தான் தெரியும். நாற்காலியில் உட்காரும் ஷாட் நல்ல சோதனை. உடம்பின் கனம் தெரிய வேண்டும். கடைசியாக அட்டைகளை மெதுவாக ஒருமுறை வாசியுங்கள். இரண்டு முறை வாசித்தும் அட்டை போகவில்லை என்றால் வேகம் குறைவு.

டிசிபி-யில் (அரங்கில் ஓட்டும் டிஜிட்டல் படத் தொகுப்பு) 24 ஃபிரேம் வேகம்தான் எல்லா அரங்கிலும் நம்பி ஓட்டக்கூடியது. எனவே சில ஃபிரேம்களை இரட்டிப்பாக்க வேண்டும். 20-க்கு ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று, 18-க்கு மூன்றுக்கு ஒன்று, 16-க்கு இரண்டுக்கு ஒன்று. 16, 20 போன்ற வேகங்களுக்கும் டிசிபி விதி இருக்கிறது, ஆனால் எல்லா சர்வரும் அதை ஓட்டாது. அரங்கில் ஓட்டிப் பார்த்த பிறகு மட்டும் அந்த வழிக்குப் போங்கள். இரட்டிப்பை டிசிபி-க்கான கோப்பில் மட்டும் செய்யுங்கள், காப்பகக் கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒருமுறைதான் இருக்க வேண்டும்.

## 12. திரையிடும் முன் காப்பகப்படுத்துங்கள்

மூல ஸ்கேன், மீட்ட கோப்பு, விரிதாள், என்ன செய்தீர்கள் என்ற குறிப்பு: நான்கையும் எல்டிஓ டேப்பில் (நீண்ட காலச் சேமிப்புக்கான காந்த நாடா) இரண்டு பிரதி எடுத்து இரண்டு ஊரில் வையுங்கள். திரையிடல் நெருங்கினால் இதற்கு நேரம் கிடைக்காது, முடிந்த பிறகு யாரும் திரும்பி வர மாட்டார்கள். அதனால்தான் இந்தப் படி இங்கே. மூலச் சுருளை வீசக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வரும்.

## 13. இசை

பூட்டிய தொகுப்பும் முடிவான வேகமும் கைக்கு வந்த பிறகுதான் இசைக்கலைஞரிடம் படத்தைக் கொடுக்க வேண்டும். வேகம் ஒரு ஃபிரேம் மாறினாலும் அவர் எழுதியது எல்லாம் நகர்ந்துவிடும்.

2012 திரையிடல்களில் ‘தி லாட்ஜர்’ படத்துக்கு நிதின் சாஹ்னி, ‘பிளாக்மெயில்’ படத்துக்கு நீல் பிராண்ட், ‘தி ரிங்’ படத்துக்கு ஜாஸ் கலைஞர் சொவேட்டோ கின்ச், ‘தி பிளஷர் கார்டன்’ படத்துக்கு டேனியல் பேட்ரிக் கோஹன் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொருவரின் இசை ஒலித்தது. பெரிய இசைக்குழு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பியானோ வாசிக்கும் ஒருவர் போதும். ஆனால் அவர் படத்தைக் குறைந்தது மூன்று முறை பார்த்திருக்க வேண்டும்.

எழுத்து அட்டை வரும் இடத்தில் வரிகள் உள்ள பாட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். காதில் ஒரு வாக்கியம், கண்ணில் ஒரு வாக்கியம் வந்தால் இரண்டும் மனதில் ஏறாது. அப்புறம், படத்தில் யாரும் அசையாமல் நிற்கும் இடத்தை இசையால் நிரப்ப வேண்டியதில்லை. ஹிட்ச்காக் அந்த நிசப்தத்தை வேண்டுமென்றே வைத்திருப்பார்.

## 14. அரங்கைச் சோதியுங்கள்

மௌனப் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.33-க்கு 1. பொதுவான 2கே ஃபிளாட் டிசிபி 1998-க்கு 1080 பிக்சல். அதற்குள் படம் 1440-க்கு 1080 ஆக, இரு பக்கமும் கருப்போடு உட்கார வேண்டும். அகலத் திரை காலியாக இருக்கிறதே என்று ஆபரேட்டர் பெரிதாக்கினால் மேலே தலையும் கீழே எழுத்தும் போகும். திரையின் பக்கத் துணியைப் படத்தின் ஓரம் வரை இழுத்துவிடச் சொல்லுங்கள்.

35 மி.மீ. பிரதியாக ஓட்டினால் மூன்று தேவை: மௌனப் படத்துக்கான கேட் தகடும் அதற்கேற்ற லென்சும், வேகம் மாற்றக்கூடிய மோட்டார், மூன்று இதழ் ஷட்டர். 16 ஃபிரேமில் மூன்று இதழ் வினாடிக்கு 48 முறை ஒளியை வெட்டும், கண் தாங்கும். இரண்டு இதழ் என்றால் 32 முறைதான், திரை துடிக்கும்.

டிசிபி பூட்டியது என்றால் திறவுகோல் கோப்பின் தேதியையும் நேர மண்டலத்தையும் சரிபாருங்கள். முந்தைய நாளே முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள், முதல் ஐந்து நிமிடம் போதாது. நேரடி இசை என்றால் டிசிபி-யின் ஒலியை அணைத்துவிட்டார்களா என்று கேளுங்கள். நான் உதவிக்குப் போன ஒரு திரையிடலில் பியானோவோடு சேர்ந்து பதிவுசெய்த இசையும் பத்து நிமிடம் ஓடியது. அரங்கில் இருந்தவர்கள் அதுதான் அமைப்பு என்று நினைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

திறந்தவெளியில் திரையிடுவதானால் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து நேரம் குறியுங்கள். ‘பிளாக்மெயில்’ படத்தின் உச்சக்கட்டத் துரத்தல் பிரிட்டிஷ் மியூசியத்தில் நடக்கிறது. 2012 ஜூலையில் அந்த மியூசியத்தின் முற்றத்திலேயே படத்தைத் திரையிட்டார்கள். லண்டனில் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறையவே இரவு 9 மணி தாண்டும். மீட்டெடுத்த நடுச்சாயல் எல்லாம் அந்தி வெளிச்சத்தில் கரைந்துபோக விடாதீர்கள்.

பார்வையாளரின் மொழி வேறு என்றால் அட்டையின் மொழிபெயர்ப்பை அட்டைக்குக் கீழே தனியாகக் காட்டுங்கள். மூல அட்டையை மாற்றாதீர்கள். மொழிபெயர்ப்பை அட்டை திரையில் நிற்கும் நேரத்துக்குள் வாசித்து முடிக்க வேண்டும், கைக்கடிகாரம் வைத்து வாசித்துப் பாருங்கள்.

## 15. அன்று மாலை

இசைக்கலைஞரின் தாள் விளக்குக்குத் தடுப்பு இருக்கிறதா, திரையில் அந்த ஒளி விழுகிறதா என்று கடைசி வரிசையிலிருந்து பாருங்கள். படத்துக்கு முன் பேசுவதானால் ஐந்து நிமிடம். என்னென்ன பிரதியிலிருந்து எடுத்தது, எது கிடைக்கவில்லை, எந்த அட்டை புதிதாகச் செய்தது என்பதைச் சொல்லுங்கள். கதையைச் சொல்லாதீர்கள்.

விளக்கு அணைந்த பிறகு முதல் ரீல் முடியும் வரை அரங்கின் பின்னால் நில்லுங்கள், கையில் குறிப்பேட்டோடு. மேசையில் பல மாதம் பார்த்தும் கண்ணில் படாத ஓர் ஒட்டுத் தாவல், பெரிய திரையில் முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும். நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, ஐந்தாம் படியில் எழுதிய விரிதாளில் அந்த ஷாட்டின் வரிசைக்குப் போங்கள்.